எந்தப் பக்கம் குனிந்தீர்கள்?

மங்காஃப், குவைத்
11-1-2004

அன்புள்ள மாப்பிள்ளை சரவணகுமாருக்கு அத்தான் சோலைமுத்து எழுதுவது.

நான் இங்கே சுகம். கத்தார்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, சளி விட்டதா? உன் அக்கா போட்ட கடிதம் போன வாரம் வந்தது. மகள் அகிலா வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாளாம். முதலாவதாக வந்தவள் வாத்தியார் மகளாம், அதனால் அது கணக்கில் இல்லை என்கிறாள்.

பொங்கலுக்கு லீவு கிடையாது. ரூமில் எட்டுப் பேர். சேதுபதி குக்கரில் பொங்கல் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். நம்ம பரமக்குடிக்காரன்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் சுடுதண்ணீர்.

தண்ணீர் டேங்கர் ஓட்டப் பழகிவிட்டேன். ஒன்று மட்டும்தான் பழகவில்லை. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், கதவும் இடப்பக்கம். பதினாலு வருஷம் ஊர் லாரி ஓட்டின கை, அவசரத்தில் இன்னும் வலப்பக்கம் போய்க் கதவைத் தேடுகிறது. அங்கே கியர்தான் இருக்கிறது. சேதுபதி பார்த்தால், "அண்ணே, மானாமதுரை வந்துருச்சா, இறங்கப் போறீகளா?" என்பான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ரூமில் ஒருவன் கேட்கிறான். அவனுக்கு வேண்டியவனிடம் ஒரு ரைபிள் இருக்கிறது, தற்காப்புக்கு. தோட்டா இரண்டு தினுசு கிடைக்கிறதாம். எதை வாங்குவது? நீ காலேஜில் என்.சி.சி.யில் சுட்டு மெடல் வாங்கினவன், இரும்பைப் பற்றிப் படித்தவன். விவரமாக எழுது. போனில் வேண்டாம். இங்கே எட்டுப் பேருக்குப் பதினாறு காது. அதோடு போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சோலைமுத்து

•

ராஸ் லஃபான், கத்தார்
22-1-2004

அத்தானுக்கு,

சளி விட்டது, வேலைதான் விடவில்லை. குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவருகிறார்கள், நான் பிலிமைப் பார்த்துப் பாஸ், ரிஜெக்ட் என்று எழுதுகிறேன். நேற்று மட்டும் பதினெட்டு ரிஜெக்ட். மெஸ்ஸில் எந்த வெல்டரும் என் மேசையில் உட்காருவதில்லை. உங்கள் முதுகுவலி எப்படி?

நீங்கள் கேட்டது தப்பான கேள்வி. எந்தத் தோட்டா நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. வேலை என்னவென்று தெரிந்தால்தான் சரக்கைச் சொல்ல முடியும். உங்கள் ஆளிடம் இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் சுட வேண்டியிருக்கும்? நடுவில் சுவரா, மரமா, தகடா? சுடுகிறவர் எந்த நிலையில் இருப்பார், ரைபிள் எங்கே இருக்கும்? குறிக்குப் பின்னால் யார் இருப்பார்கள்? கடைசிக் கேள்வியை யாரும் யோசிப்பதில்லை. ஆளைத் துளைத்துவிட்டுக் குண்டு அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது.

இரண்டு தினுசு என்றால் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். குவைத்தில் ஒரு தொழிலாளி கையில் ரைபிள் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கும் பதில் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சரவணகுமார்

•

மங்காஃப்
4-2-2004

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். முதுகுவலி இருக்கிற இடத்தில் இருக்கிறது. பொங்கல் குழம்பாக வந்தது, குடித்தோம்.

நீ பரீட்சைக் கேள்வி மாதிரி அனுப்பியிருக்கிறாய். கேட்டு எழுதுகிறேன்.

தூரம்: ஒரு கை நீளம். நடுவில்: கண்ணாடி, ஏற்றிவிட்ட கண்ணாடி. நிலை: உட்கார்ந்தபடி. ரைபிள் இருக்கிற இடம்: சீட்டுக்கு வலப்பக்கம், கியரை ஒட்டி, கம்பளியில் சுற்றி. அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது, ரூமில் இருப்பவர்களுக்கும்.

குறிக்குப் பின்னால்: வண்டி மெதுவாகும்போது ஏறுகிறவன் பின்பக்கமிருந்துதான் ஓடிவருவானாம். அப்போது அவனுக்குப் பின்னால் இருப்பது அடுத்த வண்டி. அதை ஓட்டுவது சேதுபதி.

தோட்டாவில் ஒன்று முழுக்கச் செம்பு நிறம், முனை கூர். இன்னொன்றின் முனை மொக்கை, அங்கே மட்டும் ஈயம் வெளியே தெரிகிறது. இரண்டும் ஒரே விலைதான் சொல்கிறான்.

ரைபிள் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் பேச வேண்டாம், பயப்படுவாள்.

சோலைமுத்து

•

ராஸ் லஃபான்
13-2-2004

அத்தானுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உங்களுக்குப் பொய் எழுத வரவில்லை. உட்கார்ந்த நிலை, கண்ணாடி, கியர், அடுத்த வண்டி சேதுபதியுடையது. வேண்டியவன் என்று யாரும் இல்லை. அது நீங்கள்தான். குவைத்துக்குள் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவருக்கு ரைபிள் தேவைப்படாது. எல்லை தாண்டி ஈராக்குக்கு லோடு கொண்டுபோகிறீர்கள். எத்தனை ட்ரிப் ஆயிற்று? போன் செய்தேன். "ஆள் இருக்கு, அப்புறம்" என்று வைத்துவிட்டீர்கள்.

வண்டிகளுக்குக் காவல் வருகிற பட்டாளம் அந்தக் கம்பளியைப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

கேட்டதற்குப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தப்பானதை வாங்குவீர்கள். செம்புக் குண்டு வேண்டாம். அது ஆளைத் துளைத்துவிட்டுப் பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடிக்குள்ளும் போகும், அங்கே சேதுபதி உட்கார்ந்திருப்பார். ஈய முனைதான் சரி. பட்ட இடத்தில் விரிந்து உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு கை நீளத்தில் பட்டவன் பிழைக்க மாட்டான். பின்னால் இருப்பவர் பிழைப்பார். ஓடுகிற வண்டியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டுகிறவன் டீ கேட்க வரவில்லை. தேவை வந்தால் யோசிக்காதீர்கள்.

மார்ச் முடிவதற்குள் அக்காவிடம் நீங்களே உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சரவணகுமார்

•

மானாமதுரை
20-2-2004

அன்புள்ள தம்பி சரவணனுக்கு அக்கா ஜோதிமணி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அகிலாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்குக் கடிதம் போடு. இருபது நாளாக உன் கடிதம் இல்லை.

உன் அத்தான் தண்ணீர் வண்டி ஓட்டுவதாகச் சொல்கிறார். போன தடவை போனில் பேசும்போது, "ரெண்டு நாளாக் குடிக்கத் தண்ணி கெடைக்கல ஜோதி, இப்பத்தான் வயிறு முட்டக் குடிச்சேன்" என்றார். தண்ணி வண்டி ஓட்டுகிற மனுஷனுக்குத் தண்ணி கிடைக்கவில்லையா என்று கேட்டேன். சிரித்தார், போனை வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஊர் லாரி குடை சாய்ந்த அன்றைக்கு, "லேசா சிராய்ப்பு" என்று சிரித்த அதே சிரிப்பு.

உனக்குத் தெரிந்தால் எழுது. நீ பொய் சொல்ல மாட்டாய். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி வேகலை என்று சொல்லிவிட்டு வந்தவன் நீ. அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நம்பித்தான் உன்னிடம் கேட்கிறேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அக்கா

•

ராஸ் லஃபான்
6-3-2004

அத்தானுக்கு,

அக்கா கடிதம் வந்திருக்கிறது. அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. இன்னும் பதில் போடவில்லை. தெரிந்துகொண்டே பதில் போடாமல் இருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

நான் உங்களுக்கு எழுதியது பாதி வேலை. தோட்டாவைப் பார்த்தேனே தவிர, அதை எங்கே உட்கார்ந்து சுடப் போகிறீர்கள் என்பதைப் பார்க்கவில்லை. நேற்று டூட்டி முடிந்ததும் அதைச் செய்து பார்த்தேன். எங்கள் யார்டில் மக்தூம் என்று ஒரு பாகிஸ்தான் டிரைவர் இருக்கிறார், உங்கள் வண்டி மாதிரியே பெரிய டிரெய்லர். 87 சென்டிமீட்டருக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் கிடைக்கிற ரைபிள்கள் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். குழாயைக் கம்பளியில் சுற்றி வலப்பக்கம் கியர் அருகில் வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மக்தூம் பாய் இடப்பக்கக் கண்ணாடியைத் தட்ட வேண்டும், நான் குழாயை எடுத்து அவரை நோக்கித் திருப்ப வேண்டும்.

முதல் தடவை கம்பளி கியர்க் குமிழில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை குழாயின் முனை ஸ்டியரிங்கில் இடித்தது, அடிப்பக்கம் சீட்டில் முட்டியது. பத்துத் தடவை செய்தேன். மிகக் குறைந்த நேரம் ஏழு செகண்ட். மக்தூம் பாய், "அரே பாய், யே கோன்ஸா இன்ஸ்பெக்‌ஷன் ஹை?" (இது என்ன சோதனை?) என்று வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எட்டாவது தடவை கதவைத் திறந்து, குழாயை என் கையிலிருந்து பிடுங்கி, என் தலையில் மெல்லத் தட்டிவிட்டு, "கலாஸ்" என்றார், உன் கதை முடிந்தது என்று.

ஆக, உங்களுக்கு எந்தத் தோட்டாவும் சரியில்லை. அந்த ரைபிள் அந்த கேபினில் வேலைக்கு ஆகாது. தூக்கிப் போடுங்கள். லோடு போக முடியாது என்று போர்மேனிடம் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும்.

கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

சரவணகுமார்

•

ராஸ் லஃபான்
2-4-2004

அத்தானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் அணைந்தே இருக்கிறது. ட்ரிப்பில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மார்ச் முடிந்துவிட்டது. அக்காவுக்கு நான் எழுதவில்லை. உங்களிடமிருந்து ஒரு வரி வரட்டும், பிறகு எழுதுகிறேன்.

நலமாக இருக்கிறீர்களா?

சரவணன்

•

மங்காஃப்
9-4-2004

மரியாதைக்குரிய சார் அவர்களுக்கு, பரமக்குடி சேதுபதி வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

நான் சோலை அண்ணன் ரூம்மேட். உங்க அட்ரஸை உங்க கவர்ல இருந்து எடுத்தேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் நல்லா இருக்கார். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அதை முதல்ல சொல்லிடுறேன். நீங்க கடைசியாப் போட்ட ரெண்டு லெட்டரும் அவர் தலையணைக்குக் கீழதான் இருக்கு.

நாங்க ஈராக் லோடு போறது உங்களுக்குத் தெரியும்னு அண்ணன் சொன்னார். போன மாசம் இருபத்தி மூணாம் தேதி, திரும்பி வர்ற வழியில முன்னால ஏதோ வெடிச்சு எல்லா வண்டியும் நின்னுருச்சு. தூசியில கை நீட்டினா கை தெரியல. அதே நேரம் என் இஞ்சின் அணைஞ்சு போச்சு. எங்க ரூல் என்னன்னா, வண்டி படுத்துட்டா அங்கேயே விட்டுடணும், முன்னால நிக்கிற வண்டிக்கு ஓடிப்போய் ஏறிக்கணும். ஏறாதவனுக்காக யாரும் நிக்க மாட்டாங்க. எனக்கு முன்னால நின்னது அண்ணன் வண்டி.

ஓடிப்போய்ப் படியில ஏறிக் கண்ணாடியைத் தட்டினேன். தூசிக்காக மூஞ்சி முழுக்கத் துணி சுத்தியிருந்தேன். வாயெல்லாம் மண்ணு, குரலே வரலை. அண்ணன் என்னைப் பார்த்துட்டார். பார்த்த உடனே குனிஞ்சுட்டார் சார். கதவு இந்தப் பக்கம் இருக்கு, அவர் அந்தப் பக்கம் குனிஞ்சு எதையோ இழுத்துக்கிட்டு இருக்கார், கண்ணாடித் தூசியில சரியாத் தெரியலை. நானும் தட்டுறேன், தட்டுறேன். அப்புறம் துணியை இறக்கிட்டு, "அண்ணே, நான்தாண்ணே"ன்னேன். அப்பத்தான் நிமிந்து கதவைத் திறந்தார். நான் உள்ளே விழுந்ததும் வண்டி கிளம்பிருச்சு. இன்னும் அஞ்சு செகண்ட் ஆகியிருந்தா நான் அங்கேயே கிடந்திருப்பேன். அவர் போட்ட உயிர் இது.

ரூமுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். உயிர் போற நேரத்துலயும் அண்ணனுக்கு ஊர் லாரிப் பழக்கம் போகலை, வலப்பக்கம் கதவைத் தேடினார்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் எந்திரிச்சு வெளியே போயிட்டார். அன்னையில இருந்து என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுறதில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தா வாங்கி வச்சுட்டு அப்படியே விட்டுடுறார்.

நான் ஏதும் தப்பா நடந்துக்கிட்டேனா சார்? உங்களுக்காவது எழுதினாரா?

இப்படிக்கு,
மு. சேதுபதி

•

ராஸ் லஃபான்
17-4-2004

அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று சேதுபதி எழுதியிருக்கிறார். 23-ஆம் தேதி நடந்ததையும் எழுதியிருக்கிறார்.

ஒரே கேள்விதான். நீங்கள் கதவைத் தேடியா வலப்பக்கம் குனிந்தீர்கள்?

சரவணன்

•

மங்காஃப்
28-4-2004

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நாலு நாள் ஆகிவிட்டது.

ஊர்ப் பழக்கம் என்று நீயும் நினைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். பதினாலு வருஷப் பழக்கம், கை தானாகப் போனது என்று. இல்லை மாப்பிள்ளை. கதவு எந்தப் பக்கம் என்று அந்த நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

துணி சுற்றின தலை, கண்கள் மட்டும் தெரிந்தன. படியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டினான். யோசிக்கவில்லை. கம்பளியோடு இழுத்தேன், கியரில் மாட்டிக்கொண்டது. உருவி எடுத்தேன், முனை ஸ்டியரிங்கில் இடித்தது. அதைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான் "அண்ணே" என்று கேட்டது. அப்படியே கீழே தள்ளிக் கம்பளியைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். ரூமுக்கு வந்தால் உன் கடிதம் கிடக்கிறது, ஏழு செகண்ட் என்று போட்டு. எனக்கு அதைவிடக் கூட ஆகியிருக்கும். ஒரு செகண்ட் குறைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

போட்டிருந்தது நீ சொன்ன ஈய முனைதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் எழுதினேன். வேறு யாராவது அந்தக் கண்ணாடிக்கு வருவார்களா என்று நீ கேட்கவில்லை. வண்டி படுத்தால் முன்வண்டிக்கு ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த நானும் எழுதவில்லை.

எல்லைக்கு இந்தப்பக்கம் வருவதற்கு முன், சேதுபதி தூங்கும்போது, ரைபிளைக் கம்பளியோடு மணலில் போட்டு மூடிவிட்டேன். தோட்டாக்களையும்தான். போர்மேன் கலீலுர் ரஹ்மானிடம், இனி லோடு போக மாட்டேன், ஊருக்கு அனுப்புவதானாலும் அனுப்பு என்றேன். யார்டில் டயர் கழற்றும் வேலை கொடுத்திருக்கிறார். சம்பளம் பாதி. ஜோதிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இது ஒன்றைத் தவிர.

சேதுபதி தினமும் டீ கொண்டுவந்து வைக்கிறான். "அண்ணே போட்ட உயிரு" என்று ரூமுக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறான். அவனுக்கு அடுத்த மாதக் கடைசியில் மறுபடி ட்ரிப். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், டீ ஆறிவிடும்.

அவனிடம் சொல்ல வேண்டுமா? நீ எதையும் மூடி மறைக்காதவன். நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

•

ராஸ் லஃபான்
8-5-2004

அன்புள்ள சேதுபதிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீங்களும் ரூமில் உள்ள மற்றவர்களும் நலம்தானே.

அத்தானிடம் கேட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஊர் லாரிப் பழக்கத்தில் கதவைத் தேடித்தான் வலப்பக்கம் குனிந்திருக்கிறார். நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கதவைத் திறக்க அவ்வளவு நேரம் ஆகிவிட்டதே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தக் கிண்டலை மட்டும் நிறுத்திவிடுங்கள். டீயை நிறுத்த வேண்டாம். இதையேதான் அவருக்கும் எழுதியிருக்கிறேன்.

முடிந்தால் அந்த லோடுக்குப் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன், உங்களோடு வருகிற எல்லா டிரைவர்களிடமும் சொல்லுங்கள். எங்கள் சைட்டில் ஒரு வேலைக்கு முன் செய்ய வேண்டியதை எழுதிச் சுவரில் ஒட்டுவோம். அதுபோல இதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி படுத்து, முன்வண்டிக்கு ஓட வேண்டி வந்தால், முதலில் முகத்துத் துணியைக் கழுத்துக்கு இறக்குங்கள். வாயில் மண் போனால் போகட்டும். இரண்டு கைகளையும் வெறுங்கை என்று தெரியும்படி தூக்கிக்கொள்ளுங்கள். படியில் ஏறுவதற்கு முன்பே உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். முன்னால் நிற்பது யாருடைய வண்டியாக இருந்தாலும் கத்துங்கள்.

தெரிந்தவர் வண்டி என்றால் இன்னும் சத்தமாக.

சரவணகுமார்